உயர்த்திய ஜீப் ஏன் அதிர்கிறது?

அமெரிக்காவில் மோவாப் போன்ற பாறை நிலங்களில் ஓட்டுவதற்காக, வில் பட்டைகளை மாற்றி ஜீப்பின் உடலைச் சில அங்குலம் உயர்த்துகிறார்கள். அடிப்பாகம் பாறையில் தட்டாது. ஆனால் நல்ல சாலையில் வேகமெடுத்ததும் வண்டி அதிரத் தொடங்கலாம். காரணம் என்ன?

எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்வது ஒரு நீண்ட தண்டு. அதன் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. வண்டி உயர்ந்தால் தண்டின் சாய்வு கூடும். சாய்ந்த ஜாயின்ட்டுக்குள் சுழற்சி சீராக வந்தாலும் சீராக வெளியேறாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரையும், இருமுறை தளரும். 20 பாகைச் சாய்வில், நிமிடத்திற்கு 1,000 சுற்று என்பது 940க்கும் 1,064க்கும் இடையே ஊசலாடும்.

முறைப்படி பொருத்திய இரு ஜாயின்ட்களின் கோணங்களும் சமமானால், முதலாவது உண்டாக்கிய ஏற்றத்தாழ்வை இரண்டாவது ஈடுசெய்துவிடும். சமமில்லையெனில் மிச்சமிருப்பது அதிர்வாகும்.

இதைக் கண்டறிவது எப்படி? அதிர்வுமானியால் அதிர்வை எண்ண வேண்டும். தண்டு விநாடிக்கு 50 முறை சுழலும்போது அதிர்வும் 50 என்றால், தண்டின் எடை ஒருபக்கம் கூடியிருக்கலாம். 100 என்றால் கோணத்தை அளந்து பாருங்கள். அச்சுக்கும் வில் பட்டைக்கும் இடையே ஆப்பு வைத்து அதைச் சரிசெய்யலாம். கவனியாது விட்டால் ஜாயின்ட் தேய்ந்து முறிந்து, ஓட்டத்திலேயே தண்டு கழன்று விழக்கூடும்.