மஞ்சள் அட்டையும் பணி விசாவும்

அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆங்கில இலக்கியத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். எத்தியோப்பியாவில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் வாய்ப்பு வந்திருப்பதாக மகிழ்ச்சியுடன் கூறினார். கல்விக் கடனை இரண்டே ஆண்டுகளில் அடைத்துவிடலாம் என்பது அவரது கணக்கு. "சுற்றுலா விசாவில் போய்விட்டு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முகவர் சொல்கிறார் சார். ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும்" என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஒன்று விசாவைப் பற்றியது; மற்றொன்று நாள் கணக்கைப் பற்றியது.

எத்தியோப்பியா நமக்குப் புதிய நாடன்று. பேரரசர் ஹைலி செலாசி காலத்திலேயே இந்திய ஆசிரியர்கள் அங்குள்ள பள்ளிகளில் பணியாற்றினர். உயர்நிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிற்றுமொழி ஆங்கிலமே. 2000-க்குப் பிறகு அந்நாடு பல புதிய பல்கலைக்கழகங்களைத் தொடங்கியபோது தமிழகத்திலிருந்தும் பேராசிரியர்கள் சென்றனர். 2008-இல் விடுப்பு பெற்றுச் சென்று அங்கே பொருளாதாரம் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன்.

சுற்றுலா விசா ஒரு நாட்டைப் பார்க்க அனுமதிக்கிறது. அங்கே ஊதியம் ஈட்ட அனுமதிப்பதில்லை. ஆசிரியப் பணிக்குச் செல்பவருக்குப் பணி விசாவும், பணி அனுமதியும், வசிப்பிட அட்டையும் வேண்டும். இவை இல்லாதவருக்கு ஊதியம் மறுக்கப்பட்டால் அவர் யாரிடம் முறையிடுவார்? புகார் கொடுக்கச் செல்வதே தம் தவற்றை ஒப்புக்கொள்வதாகிவிடும். தாய்லாந்தில் வேலை என்று அழைக்கப்பட்ட இந்திய இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டதை அடுத்து, 2022-இல் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்ததை நாம் மறந்துவிடலாகாது.

பொருளாதாரத்தில் இதைத் 'தகவல் சமச்சீரின்மை' என்போம். பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் இதை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்த குறை, வாங்குபவருக்குத் தெரியாது. முகவருக்கும் வேலை தேடுபவருக்கும் இடையில் இருப்பதும் இதே இடைவெளிதான். அதைக் குறைக்கும் வழிகள் எளியவை. பதிவுபெற்ற முகவர்தானா என்பதை அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். பணி நியமனக் கடிதத்தைக் கல்லூரியிடமிருந்தே நேரடியாகக் கேட்டுப் பெறலாம்.

சான்றிதழ்களுக்கும் காலம் தேவை. பட்டச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தில்லியிலுள்ள தூதரகம் எனப் படிப்படியாகச் சான்றொப்பம் பெற வேண்டும். இதில் தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பட்டச் சான்றிதழில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயரோடு விரிந்து நிற்கும். இருவரும் ஒருவரே என்பதை அயல்நாட்டு அலுவலருக்கு ஆவணத்தால்தான் உணர்த்த முடியும்.

அடுத்தது தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட 10 நாள்களுக்குப் பிறகே அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். எனவே, ஒரு வாரத்தில் கிளம்புபவர் இன்றே ஊசி போட்டுக்கொண்டாலும் அச்சான்றிதழ் புறப்படும் நாளில் செல்லாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இது போடப்படுகிறது. சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் இவ்வசதி உண்டு.

தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், அங்கே இந்நோய் அச்சம் மிகக் குறைவு. ஆயினும், நம் நாட்டின் விதி நகரத்தைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. சான்றிதழின்றித் திரும்புபவர் இங்கே 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால், அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளிலேயே வளர்கிறது. நோய்க்கிருமியோடு ஒருவர் வந்திறங்கினால் போதும். ஆக, இந்தத் தடுப்பூசி போட்டுக்கொள்பவரை மட்டுமன்றி ஊரையும் காக்கிறது.

கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிய வழக்கமாக ஆறு மாதங்கள் ஆகும். டைபாய்டு தடுப்பூசி, தாழ்நிலப் பகுதிகளுக்கான மலேரியா மாத்திரை ஆகியவை பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கருவுற்றவர்களும், 60 வயதைக் கடந்தவர்களும் அவரது ஆலோசனையின்றி மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. ஆகவே, ஆறு மாதங்களுக்கு முன்பே ஆயத்தத்தைத் தொடங்குவது நல்லது.

என் மாணவி பணி விசா கேட்டு எழுதினார். அதன்பின் முகவரிடமிருந்து பதிலே இல்லை. கடன் தவணை நெருங்கும்போதெல்லாம் அந்த வாய்ப்பை நினைத்து அவர் வருந்துகிறார். அறிவுரை சொன்ன எனக்கும் அவ்வருத்தத்தில் பங்குண்டு. ஆயினும், சான்றொப்பங்களையும் தடுப்பூசிகளையும் இப்போதே முடித்து வருகிறார். அவரிடம் என் 2008-ஆம் ஆண்டு மஞ்சள் அட்டையைக் காட்டினேன். பத்தாண்டுக்கு எனத் தரப்பட்ட அந்தச் சான்றிதழ், உலக சுகாதார நிறுவனத்தின் விதி 2016-இல் மாறியதால் இன்று ஆயுள் முழுவதும் செல்லும். அடுத்த அழைப்பு வரும்போது அவரிடமும் அப்படியோர் அட்டை ஆயத்தமாக இருக்கும்.