புதிய தலைமுறை விளையாட்டு வரைகலையும் கணினிப் பதிப்பின் இடர்ப்பாடுகளும்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத் தொல்லிடங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டுகளுக்கென உருவான வரைகலை நுட்பங்கள் தொல்லிடங்களை மின்னுருவாக்கம் செய்யவும் பயன்படுகின்றன. விளையாட்டுகளின் கணினிப் பதிப்புகள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் இத்தகைய மின்னுருக்களையும் தொடர்கின்றன. அவை ஆய்வுச் சான்றின் நம்பகத்தன்மையை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சூழலில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வரைகலை, நிழலாக்கி, கணினிப் பதிப்பு, மண்டகப்பட்டு, செஞ்சி, பாடவேறுபாடு

முன்னுரை

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையில் மண்டகப்பட்டு அமைந்துள்ளது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து நான்முகன், திருமால், சிவன் ஆகிய மூவருக்கும் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி இக்கோயில் ஆக்கப்பட்டதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. இன்று கல்லும் இன்றி இக்குடைவரையைத் திரையில் எழுப்ப இயலும். எழுப்பியது எல்லாத் திரையிலும் ஒன்றாகவே தோன்றுமா என்பதே இங்கு எழும் வினா.

கல் தரவாகும் முறை

ஒரு சிற்பத்தைப் பல கோணங்களில், ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களாக எடுத்து, அவற்றிலுள்ள பொதுப்புள்ளிகளைக் கொண்டு முப்பரிமாண வடிவத்தைக் கணிப்பது ஒளிப்பட அளவையியல் எனப்படும். இவ்வாறு பெறப்படும் வடிவம் முக்கோணங்களால் ஆனது. மண்டகப்பட்டின் வாயிற்காவலர் சிற்பம் ஒன்றை நுட்பமாகப் பதிவு செய்தால் முக்கோணங்கள் பல இலட்சங்களாகப் பெருகும். முந்தைய விளையாட்டு எந்திரங்கள் அச்சுமையைத் தாங்கவில்லை. ஆகவே, வடிவத்தைச் சில ஆயிரம் முக்கோணங்களாகக் குறைத்து, இழந்த மேடுபள்ளங்களை ஒரு படமாக மேலே ஒட்டினர். விளையாடுவோர்க்கு இது குறையன்று. உளியின் தடத்தைத் தேடும் ஆய்வாளர்க்கோ பேரிழப்பு.

2020 மே மாதம் அறிமுகப்படுத்தப்பட்டு 2022 ஏப்ரலில் முழுமையாக வெளியிடப்பட்ட அன்ரியல் எந்திரத்தின் ஐந்தாம் பதிப்பு இந்நிலையை மாற்றியது. அதிலுள்ள நானைட் என்னும் முறை வடிவத்தைச் சிறுசிறு முக்கோணத் தொகுதிகளாகப் பிரித்து, பார்ப்பவரின் தொலைவுக்கு வேண்டிய நுட்பத்தை மட்டும் அவ்வப்போது எடுத்து வரைகிறது. செஞ்சியில் இயற்கைப் பாறை எங்கு முடிகிறது, கட்டிய மதில் எங்குத் தொடங்குகிறது என்பதை அணுகிச் சென்று காண இம்முறை ஏற்றது. அக்கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலையில், மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதனால் இத்தேவை கூடியுள்ளது.

லூமென் என்னும் மற்றொரு முறை ஒளியின் எதிரொளிப்பை உடனுக்குடன் கணிக்கிறது. குடைவரைக்கு ஒளி முகப்பின் வழியாகவே நுழைகிறது. எஞ்சியது தரையிலும் சுவரிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி. முன்பு ஒரே பொழுதின் ஒளியைக் கணித்து வடிவத்தோடு உறையவைத்தனர். இன்று ஞாயிற்றின் நிலையை மாற்றி மாற்றிக் காணலாம். எனினும் இது கண்ணுக்கு ஏற்ற தோராயமே. ஒளியளவையாகக் கொள்வது பிழையாகும்.

கணினிப் பதிப்பின் இடர்ப்பாடுகள்

2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 கருவி ஒவ்வொன்றிலும் உள்ள செயலி ஒரே வகையினது. 16 ஜிகாபைட் நினைவகமும் மையச் செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் பொதுவானது. கணினியில் இவ்வொருமை இல்லை. செயலி, வரைகலை அட்டை, இயக்கி மென்பொருள் ஆகியவற்றின் சேர்க்கைகள் எண்ணிலடங்கா.

இதன் முதல் விளைவு நிழலாக்கிகளில் தோன்றுகிறது. ஒரு பரப்பு எவ்வாறு ஒளிர வேண்டும் என்று வரைகலைச் செயலிக்குச் சொல்லும் சிறுநிரலே நிழலாக்கி. விளையாட்டுக் கருவிக்கு அதனை முன்னரே தொகுத்து அளித்துவிடலாம். கணினியிலோ பயனரின் இயந்திரத்திலேயே தொகுக்க வேண்டியுள்ளது. நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டின் ஒரு சட்டகத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. இடையில் ஒரு நிழலாக்கியைத் தொகுக்க நேர்ந்தால் அதனினும் பன்மடங்கு காலம் செல்லும்; காட்சி திக்கித்திக்கி நகரும்.

நினைவகச் சிக்கலை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கற்பரப்பின் 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு ஒரு பைட்டாகச் சுருக்கிய பின்னும் 16 மெகாபைட் கொள்ளும். தொலைவுக்கேற்ற சிறுபடிகளும் சேர ஏறத்தாழ 21 மெகாபைட். நிறம், மேடுபள்ளம், சொரசொரப்பு என மூன்று படங்களுக்கு 64 மெகாபைட். வேறு எதற்கும் இடமின்றி விட்டாலும் 8 ஜிகாபைட் அட்டை 128 பரப்புகளில் நிறைந்துவிடும்.

இவை கற்பனை இடர்கள் அல்ல. 2015 ஜூனில் வெளியான பேட்மேன்: ஆர்க்கம் நைட் விளையாட்டின் கணினிப் பதிப்பு விற்பனையினின்று நிறுத்தப்பட்டு, அக்டோபரில்தான் மீண்டது. 2023 மார்ச்சில் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதற்பகுதியின் கணினிப் பதிப்பும் நெடிய நிழலாக்கித் தொகுப்பாலும் நினைவகப் பற்றாக்குறையாலும் இடர்ப்பட்டு, அடுத்தடுத்த திருத்தங்களைப் பெற்றது.

வட்டாரச் சூழலும் பாடவேறுபாடும்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களிலும் அரசு கலைக் கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாணவர் பலருக்கு முதற்கணினியை அளித்தது. அவற்றில் தனி வரைகலை அட்டை இல்லை. வரைகலைப் பணிக்குப் பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும் அமைப்பே உண்டு. நானைட்டுக்கு வேண்டிய வசதியற்ற கணினியில் எந்திரம் குறைந்த முக்கோணங்களால் ஆன மாற்று வடிவத்தை வரைகிறது. மண்டகப்பட்டுக்குப் பேருந்தில் சென்றுவரும் தொலைவிலுள்ள மாணவர் திரையில் காண்பது உளித்தடம் மழுங்கிய வடிவமாக இருக்கும். உயர்நிலைக் கணினி வைத்திருப்பவர்க்கே தடம் புலப்படும். காட்டப்படுவது மாற்று வடிவம் என்று திரை தானாக அறிவிப்பதும் இல்லை.

சுவடிப் பதிப்பில் பழகிய தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று. ஒரே நூலின் ஏடுகள் வேறுபடின் பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டைக் குறிக்கிறார். மின்னுருவைச் சான்றாகக் காட்டும் கட்டுரையும் எந்த வரைகலை அட்டையில், எந்த அமைப்பில், எந்தப் பதிப்பில் கண்டது என்று குறித்தல் வேண்டும். மூல ஒளிப்படங்களையும் குறைக்கப்படாத வடிவத்தையும் உடன் சேமித்தலும் இன்றியமையாதது. அவை இல்லாதபோது மின்னுரு அழகிய காட்சியாக நிற்குமேயன்றிச் சான்றாகாது.

எளிய கணினிக்கு வேறு வழிகளும் உள. 2023இல் வெளிவந்த வெண்பா என்னும் விளையாட்டு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் வாழ்வை இருபரிமாண வரைவிலேயே சொல்லி உலகக் கவனம் பெற்றது. தொல்லிடங்களிலும் பொருளுக்கேற்ற முறையைத் தேரலாம். விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில், இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலின் தேவி ஓவியத்திற்கு முக்கோணங்கள் பெரிதும் வேண்டுவதில்லை. நிறஅளவுகோல் வைத்து எடுத்த உயர்நுட்ப ஒளிப்படம் ஒன்றை, சிறு துண்டுகளாகப் பகுத்து வழங்கினால் மடிக்கணினியிலும் அது குறைவின்றித் திறக்கும்.