விரலுக்கு ஆணையிடுவது எது?

காசிமேட்டுக் கரையில் வலை இழுக்கும் கைகளையும், துறைமுகத்தில் பளு தூக்கும் கைகளையும், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் இரும்பைக் கடையும் கைகளையும் நாள்தோறும் காண்கின்றோம். அக்கைகளின் உழைப்பைப் போற்றாதார் இல்லை. ஆனால், அந்தக் கை எவ்வாறு அசைகின்றது என்று எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? இது வெறும் ஏட்டறிவு அன்று. ஒரு கையைக் காப்பதும் இழப்பதும் சில வேளைகளில் இவ்வறிவைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் ஒரு வியப்பு. விரலை மடக்கி நிமிர்த்தும் தசை விரலுக்குள் இல்லை! முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகளே, தசைநாண்கள் என்னும் உறுதிவாய்ந்த கயிறுகளைக் கொண்டு விரலெலும்புகளை இழுக்கின்றன. அத்தசைகளும் தாமாக இயங்குவன அல்ல. மூளையின் மேற்பரப்பில், உச்சியிலிருந்து காதின் பக்கமாக இறங்கும் ஒரு பட்டையிலிருந்து கட்டளை புறப்படுகின்றது. அது முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறித் தண்டுவடத்தில் இறங்குகின்றது. ஆகவே, வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பாதி. இடக்கையை ஆள்வது வலப்பாதி. கழுத்தெலும்புகளுக்கு இடையே வெளிவரும் நரம்புகள் அக்கட்டளையை, நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் கைக்குக் கொண்டு சேர்க்கின்றன. அசைவு மிகாமலும் குறையாமலும் சீர்செய்வது சிறுமூளையின் பணி.

கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் அறுவை மருத்துவர், 1930களில், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்தூண்டல் அளித்து, எவ்விடம் எவ்வுறுப்பை அசைக்கின்றது என்று வரைந்து காட்டினார். அகன்ற முதுகுக்கும் வயிற்றுக்கும் மூளை ஒதுக்கிய இடம் சிறிது. விரல்களுக்கு ஒதுக்கிய இடமோ பெரிது. உருவத்தின் அளவைக் கொண்டன்று, வேலையின் நுட்பத்தைக் கொண்டே அங்கே இடம் வகுக்கப்பட்டிருக்கின்றது.

கையை ஆளும் பெருநரம்புகள் மூன்று. ஒன்று மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும். மற்றொன்று கட்டைவிரலைப் பிற விரல்களோடு எதிர்ப்பட வைக்கும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கும். மூன்றாவது, மோதிர விரலையும் சிறுவிரலையும் உள்மடக்கும்; விரல்களை விரித்துச் சேர்க்கும். தொழுகையில் அத்தஹிய்யாத் இருப்பில் ஏனைய விரல்களை மடக்கிச் சுட்டுவிரலை மட்டும் உயர்த்துகின்றோமே, அந்தச் சிறு அசைவுக்கு இம்மூன்று நரம்புகளும் ஒருசேர உழைக்கின்றன. நாள்தோறும் செய்கின்றோம், நன்றியோடு நினைத்ததுண்டா?

இந்நரம்பு அறுந்தால் என்ன ஆகும்? தசை இருக்கும், எலும்பு இருக்கும், இரத்தமும் ஓடும். ஆனால் ஆணை வந்து சேராது. அறுந்த நரம்பின் முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம் என்று கூறிய முன்னோருள் மருத்துவ மேதை இப்னு சீனா (980-1037) ஒருவர். இன்று அந்த வேலை நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியினும் மெல்லிய நூலால் நடைபெறுகின்றது.

தைத்தவுடன் விரல் அசைந்துவிடாது. நரம்பிழை தைத்த இடத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளர்கின்றது. மணிக்கட்டில் அறுந்த நரம்பு 18 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள விரல் நுனியை எட்ட ஆறு மாதம் ஆகும். "இரண்டு மாதமாகியும் உணர்ச்சி வரவில்லை, இனி என்ன பயன்?" என்று பயிற்சியைக் கைவிடுவோர், வளர்ந்து வரும் நரம்புக்குக் கதவை அடைத்தவர் ஆவர். அசையாத மூட்டு இறுகிவிடும். பின்னர் ஆணை வந்தாலும் அதனை நிறைவேற்ற விரல் இராது. மறுபுறம், ஆணையின்றி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசை மீளாது. எனவே தையலில் தாமதமும் கூடாது. தைத்த பின் அவசரமும் கூடாது.

நரம்பு மீளாதபோதும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. 1940களின் இறுதியில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செயலிழந்து மடங்கிப்போன விரல்களுக்கு, நலமாயுள்ள வேறொரு தசையின் நாணை மாற்றிப் பொருத்தினார். மூளை புதிய பாதையைக் கற்றுக்கொண்டது. மடங்கிய கைகள் மீண்டும் உழைத்தன. நம் வடசென்னையிலோ, இராயபுரத்தை அடுத்த பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்கும் உரிய தனி நிலையமாகவே விளங்குகின்றது. தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிக்கு இதனினும் பொருத்தமான நிலையம் வேறு உண்டோ?

ஆயினும் மருத்துவமனை வாயிலை எட்டும் முன்பே பல கைகள் கெட்டுவிடுகின்றன. காயத்தில் காப்பித்தூளையும் மஞ்சளையும் அப்புதல் ஆகாது. தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தல் வேண்டும். துண்டான விரலை நேரே பனிக்கட்டியில் போட்டால் திசு கருகும். தண்ணீரில் போட்டால் ஊறிக் கெடும். ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையிலிட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து உடனே கொண்டு செல்லுதலே முறை. மணிக்கட்டோடு துண்டான கைக்கு ஆறு மணி நேரமே எல்லை எனக் கொள்க. காயமே இன்றி ஒரு பக்கத்துக் கை திடீரெனச் சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால், பழுது மூளையிலேயே என்று உணர்க. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே தவணை.

விரல்களுக்குரிய நட்டஈடு ஒவ்வொன்றுக்கும் பத்து ஒட்டகம் என்றும், சிறுவிரலும் கட்டைவிரலும் அதில் சமம் என்றும் ஹதீஸ்களில் வந்துள்ளது. நம் நாட்டிலும் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விரல் இழப்புக்கு ஈடு வகுத்தது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பணித்தது. ஈடு கொடுப்பது கடமை. ஈடு கொடுக்க நேராமல் காப்பது அதனினும் மேலான கடமை. உற்பத்தி குறையும் என்று தடுப்பைக் கழற்றி வைக்கும் முதலாளியும், வேகத்துக்கு இடையூறு என்று அதை ஒதுக்கும் தொழிலாளியும் ஒன்றை நினைவிற் கொள்க: நரம்பை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்க்கும் ஆற்றல் எந்த இயந்திரத்துக்கும் இல்லை.