குட்டை மனிதர், நெட்டை ஆட்டம்!



போன மாதம் வாலிபால் டீமுக்கு ஆள் எடுத்தபோது எங்களை எல்லாம் உயரப்படி நிற்க வைத்தார்கள். முதல் பன்னிரண்டு பேர் டீம். நான் கடைசிக்கு முந்தின ஆள். பந்தைத் தொடவே இல்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரேயரில்தான் குட்டையாக இருப்பவர்களுக்கு முதல் வரிசை. மற்ற எல்லாவற்றிலும் கடைசி வரிசை.

அன்று சாயந்திரம் வீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். காலேஜில் படிக்கும் என் அண்ணன் ஒரு போட்டோவைக் காட்டினான். ஒரே மாதிரி பனியன் போட்ட இரண்டு பேர். ஒருவர் பனைமரம். பக்கத்தில் நிற்பவர் அவருடைய நெஞ்சு வரைதான் வருகிறார்.

"யாருண்ணா இந்தச் சின்னப் பையன்?" என்று கேட்டேன்.

"பையன் இல்ல புள்ள. அவரும் அதே டீம் பிளேயர்தான்" என்றான்.

நான் நம்பவில்லை. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். அந்த நெட்டையானவர் சூடானில் பிறந்த மனுட் போல். உயரம் 7 அடி 7 அங்குலம். குட்டையானவர் பெயர் மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம், அதாவது 160 சென்டிமீட்டர். உலகத்திலேயே பெரிய கூடைப்பந்துப் போட்டியான அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் இவரைவிடக் குட்டையாக யாரும் ஆடியதே இல்லை. எங்கள் தெருவில் நின்றால் இவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இவருடைய முழுப்பெயர் டைரோன் கர்ட்டிஸ் போக்ஸ். 1965-ம் ஆண்டு ஜனவரி 9-ம் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். லஃபாயெட் கோர்ட்ஸ் என்ற அரசாங்கக் குடியிருப்பில்தான் வளர்ந்தார். நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி, ஆனால் 11 மாடி. ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அந்தக் கட்டிடங்கள் இப்போது இல்லை, 1995-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

மக்ஸிக்கு 5 வயதிருக்கும்போது யாரோ சுட்ட துப்பாக்கியின் ரவைகள் அவர் கையிலும் காலிலும் பாய்ந்தன. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். 12 வயதில் அப்பாவைக் கொள்ளை வழக்கில் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். தண்டனை 20 வருடம். அம்மா பெயர் எலெய்ன். படிப்பைப் பாதியில் விட்டவர், வேலைக்குப் போகாதவர். அவர் அந்த வயதில் மறுபடியும் படித்து, பள்ளிப் படிப்புக்குச் சமமான பரீட்சை எழுதி பாஸாகி, ஆபீஸ் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். எனக்கு மக்ஸியை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு இந்த அம்மாவையும் பிடிக்கும். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம்.

மக்ஸி என்பது பட்டப்பெயர். ஆங்கிலத்தில் வழிப்பறி செய்வதை "மக்" பண்ணுவது என்பார்கள். எதிரில் வருகிறவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதால் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்.

இங்கேதான் முக்கியமான கேள்வி. கூடைப்பந்தில் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஆடுகிறவர்கள் எல்லாரும் ஆறரை அடி, ஏழு அடி. அதில் 5 அடி 3 அங்குலம் எப்படி ஆட முடியும்? இதை நான் நிறைய யோசித்தேன்.

வளையம் மேலேதான் இருக்கிறது, ஆனால் பந்து எப்போதும் மேலேயே இருப்பதில்லை! பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, தரையில் தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும் என்பது விதி. அப்படித் தட்டும்போது பந்து கையை விட்டுப் போய், தரையில் பட்டு, திரும்பி வர வேண்டும். அந்த நேரத்தில் பந்து யாருக்கும் சொந்தமில்லை. நெட்டையாக இருப்பவர் கைக்கும் தரைக்கும் தூரம் அதிகம், அதனால் பந்து அதிக நேரம் தனியாக இருக்கும். மக்ஸி அந்த நேரத்தில்தான் புகுந்து தட்டிவிடுவார். அவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் இவர் அந்தப் பக்கம் போயிருப்பார். அதே சமயம் இவர் தட்டும் பந்து முழங்காலுக்குக் கீழேயே டப்டப்பென்று துள்ளும். அதைப் பிடுங்க ஏழடி ஆள் தரை வரைக்கும் மடங்க வேண்டும்.

இன்னொன்று, நேரம். மக்ஸி ஆடிய காலத்தில் என்.பி.ஏ.வில் ஓர் அணி தன் பாதி மைதானத்திலிருந்து 10 விநாடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் (2001-லிருந்து 8 விநாடி ஆக்கிவிட்டார்கள்). மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் பக்கம் காத்திருப்பார்கள். இவர் அந்தக் கோடியிலேயே போய் ஈ மாதிரி ஒட்டிக்கொள்வார். பந்து கொண்டுவருகிறவருக்கு மூச்சு முட்டிவிடும்.

இவருடைய இடத்துக்குப் பெயர் பாயின்ட் கார்டு. பந்தைக் கொண்டுபோய், யார் காலியாக நிற்கிறார் என்று பார்த்துக் கொடுக்கிற வேலை. அதற்கு உயரம் வேண்டாம், கண்ணும் கையும் வேகமாக இருந்தால் போதும். குறையே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எதிரணியில் உயரமானவர் இவர் தலைக்கு மேலே பந்து போட்டால் இவரால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதை இவருடைய டீம்தான் ஈடுகட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மக்ஸி படித்தது பால்டிமோரில் டன்பார் என்ற பள்ளி, கோச் பாப் வேட். ஒருமுறை நியூஜெர்சியில் கேம்டன் என்ற பள்ளியோடு ஆடப் போனார்கள். பெயர் பெற்ற டீம், அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். மக்ஸி களத்தில் இறங்கியதும் கொல்லென்று சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியது. இவர் பந்தைப் பிடுங்கினார், திரும்பவும் பிடுங்கினார், சிரிப்பு அடங்கிவிட்டது. டன்பார் 84, கேம்டன் 59! 1981-82, 1982-83 இரண்டு வருடமும் டன்பார் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

அதற்குப் பிறகு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம். 1986-ல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்காக ஆடினார். ஃபைனலில் சோவியத் யூனியனை 87-85 என்று ஜெயித்துத் தங்கம். 1987-ல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது வாஷிங்டன் புல்லட்ஸ் இவரை 12-வது ஆளாக எடுத்தது. டன்பார் பள்ளியில் கூட ஆடிய ரெஜி வில்லியம்ஸ் 4-வது, ரெஜி லூயிஸ் 22-வது. ஒரே ஸ்கூல் டீமிலிருந்து ஒரே நாளில் மூன்று பேர்!

வாஷிங்டனில்தான் அந்தப் போட்டோ எடுத்தது. ஒரு வருடம் ஆடினார், அப்புறம் அந்த அணி இவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று விட்டவரை 1988-ல் புதிதாக ஆரம்பித்த சார்லட் ஹார்னெட்ஸ் எடுத்துக்கொண்டது. 1997 வரை அங்கேதான். அந்த அணிக்காக இவர் கொடுத்த பாஸ்களும் பிடுங்கிய பந்துகளும் சாதனைப் பட்டியலில் முதலிடம்.

1993-ல் சார்லட் முதல்முறையாக பிளே ஆஃப் சுற்றுக்கு வந்தது. எதிரில் பாஸ்டன் செல்டிக்ஸ். அதன் கேப்டன் யார் தெரியுமா? அதே ரெஜி லூயிஸ், மக்ஸியோடு ஒரே பள்ளி மைதானத்தில் ஓடியவர். முதல் ஆட்டத்திலேயே லூயிஸ் களத்தில் சுருண்டு விழுந்தார். இதயத்தில் கோளாறு. அந்த ஜூலையில் பயிற்சியின்போது இறந்துபோனார், வயது 27. சார்லட் அந்தத் தொடரை ஜெயித்தது. அந்த வெற்றி மக்ஸிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

மக்ஸி 2001 வரை 14 சீசன், மொத்தம் 889 ஆட்டம் ஆடினார். தானே எடுத்த புள்ளிகள் 6,858. கூடையில் விழ உதவிய பாஸ்கள் 6,726. ஒரு கூடைக்குக் குறைந்தது 2 புள்ளி. அப்படியென்றால் இவர் பாஸால் வந்தது குறைந்தது 13,452 புள்ளி. தானே எடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார் (கணக்கு சார் சரிபார்க்கலாம்). பிடுங்கிய பந்துகள் 1,369.

எதிரி கூடையை நோக்கி வீசும் பந்தைக் குறுக்கே தடுப்பதை பிளாக் என்பார்கள். முழுக்க முழுக்க உயரக்காரர்கள் வேலை. மனுட் போல் தன் வாழ்நாளில் 2,086 பிளாக் செய்தார். மக்ஸி? வெறும் 39. ஆனால் அந்த 39-ல் ஒன்று 1993 ஏப்ரலில் பாட்ரிக் யூயிங் கையிலிருந்து. யூயிங் உயரம் 7 அடி! அவர் பந்தைத் தூக்குவதற்கு முன்னாலேயே, கீழே இருக்கும்போதே, இவர் தட்டிவிட்டார்.

1996-ல் வந்த "ஸ்பேஸ் ஜாம்" படத்தில் வேற்றுக்கிரக ஜந்துக்கள் ஐந்து என்.பி.ஏ. வீரர்களின் திறமையைத் திருடும். அந்த ஐந்து பேரில் மக்ஸியும் ஒருவர். திருடுவதற்கு அவ்வளவு இருந்திருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். வாலிபாலில்கூட 1998-லிருந்து உலகப் போட்டிகளில் லிபரோ என்று ஒரு ஆள் உண்டு. அவர் நெட் பக்கம் எழும்பி அடிக்கக் கூடாது, பின்னால் நின்று சர்வீஸ் எடுப்பதும் விழுகிற பந்தைத் தூக்குவதும்தான் வேலை. வேறு நிறத்தில் பனியன் போட்டிருப்பார். நானும் எங்கள் வீட்டு பின்சுவரில் பந்தை அடித்து அடித்து மூன்று வாரமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்பு உதிர்கிறது என்று அம்மா திட்டுகிறார்கள்.

டீம் பிராக்டீஸ் சனிக்கிழமை நாலரை மணிக்கு. நானும் மைதானத்துக்கு வருவேன். பத்து சர்வீஸ் எனக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறம் வேண்டுமானால் வரிசையில் நிற்கிறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, "ஆ" பிரிவு