கிறித்தவத் தற்காப்பு வாதம்
கிறித்தவத் தற்காப்பு வாதம் என்பது கிறித்தவ நம்பிக்கைக்கு எதிரான கேள்விகளுக்கு விடையளித்து, அந்நம்பிக்கை அறிவுக்கு ஏற்றதே என நிறுவ முயலும் இறையியல் துறை ஆகும். இதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான அப்போலொகியா, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அளிக்கும் மறுமொழியைக் குறிப்பது. 2ஆம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் உரோமைப் பேரரசர் அந்தோனினுஸ் பயசுக்கு எழுதிய நூல் ஏறத்தாழ அத்தகையதே. கிறித்தவர் என்ற பெயருக்காகவே ஒருவரைத் தண்டிப்பது முறையன்று என அவர் வாதிட்டார்.

வாதத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில் பிற்காலத்தில் கருத்து வேறுபாடு தோன்றியது. தாமசு அக்குவைனசின் (1225–1274) வழிவந்த செவ்வியல் முறை, கடவுள் இருப்பதை நிறுவிய பின்னரே இயேசுவைப் பற்றிப் பேசும். சான்றுமுறையினர் இயேசுவின் உயிர்த்தெழுதலுக்கான வரலாற்றுச் சான்றுகளிலிருந்தே தொடங்குவர். கொர்னேலியுசு வான் டில் (1895–1987) இரண்டையும் ஏற்கவில்லை. சான்றை எடைபோடும் பகுத்தறிவே கடவுளை முன்னிட்டுத்தான் இயங்குகிறது என்றார் அவர். இது நிறுவ வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொள்ளும் சுழல் வாதம் என்று செவ்வியல் முறையினர் மறுத்தனர். இறுதி அளவுகோல் எதுவாயினும் தன்னையே சார்ந்து நிற்கும் என்பது வான் டில் தரப்பின் விடை.