வரப்பில் கிடக்கும் போன் அடிகளை எண்ணாது

நடவு நாளில் போன் வயலுக்குள் இறங்காது. சோற்றுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், வெற்றிலைப் பை இவற்றோடு ஒயர் கூடைக்குள் வரப்பு மேல் கிடக்கும். விடிந்ததும் சேற்றில் இறங்கி, இடுப்பு நிமிராமல் பின்னோக்கி நகர்ந்தபடியே மதியம் வரை நாற்று நட்டுவிட்டுக் கரையேறும் பெண்ணுக்கு, சாயங்காலம் அந்தப் போனில் ஒரு செய்தி வரும்: ‘இன்று 900 அடிதான் நடந்திருக்கிறீர்கள். கொஞ்சம் எழுந்து நடக்கலாமே!’

அவர் சிரிக்கலாம், எரிச்சல்படலாம். மறுநாள் அந்தச் செயலியைத் திறக்க மாட்டார்.

கூகுள் ஃபிட், சாம்சங் ஹெல்த், ஹெல்திஃபைமீ என்று உடல்நலத்தைக் கணக்கு வைக்கும் செயலிகள் இன்று தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துப் போன்களிலும் இருக்கின்றன. சுகர் வந்த அப்பாவுக்குச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. முதல் வாரம் ஆர்வமாக ஓடும், பிறகு நின்றுபோகும். ‘அப்பாவுக்கு அக்கறை இல்லை’ என்று மகன் நினைத்துக்கொள்கிறார். அக்கறையைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்தச் செயலி யாருடைய நாளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

போன் அடிகளை எப்படி எண்ணுகிறது? அதற்குள் அசைவை உணரும் ஒரு சிறு சென்சார் இருக்கிறது. நடக்கும்போது உடம்பு ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது அல்லவா, அந்தத் தாளத்தைத்தான் அது அடி என்று கணக்கெடுக்கிறது. போன் சட்டைப் பையிலோ கையிலோ இருந்தால்தான் இது நடக்கும். நாற்று நடுவது, களை எடுப்பது, கதிர் அறுப்பது, மூட்டை தூக்குவது எதிலும் அந்தத் தாளம் இல்லை. சைக்கிள் மிதித்தாலும் அடிக் கணக்கில் பெரும்பாலும் ஏறாது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் எப்போதாவது எழுந்து நடப்பதைக் கண்டுபிடிக்க இது நல்ல கருவி. காவிரி டெல்டாவில் பலருடைய உழைப்பு அதன் கண்ணிலேயே படாது.

இதைச் சரிசெய்யப் புதிய கருவி தேவையில்லை. காலையில் ஒரே ஒரு கேள்வி போதும்: ‘இன்று வயல் வேலையா, வீடா, வெளியூரா?’ வயல் வேலை என்று தொட்டால் அன்று அடிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்டால் போதும்.

அடுத்து, அந்தப் பத்தாயிரம். ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கு மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணியை விற்க வந்தபோது அதற்கு வைத்த பெயரிலிருந்து வந்த எண் அது. விளம்பரத்துக்கு எடுப்பான எண், அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கிலோமீட்டர் பாதையும் ஜப்பானைப் பார்த்து வந்ததுதான். நடந்து பார்த்தால் ஏறத்தாழ அதே பத்தாயிரம் அடி வரும். அந்தப் பாதையில் நடப்பது நல்ல விஷயம், மறுக்கவில்லை. அறுபது வயதில் மூட்டு வலியோடு இருப்பவருக்கு அதை முதல் நாள் இலக்காக வைப்பதுதான் தப்பு.

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் நடையைக் கணக்கெடுத்து 2019இல் வெளியிட்டார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, இருக்கிற இடத்திலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி கூட்டுவதே பெரிய லாபம். செயலி செய்ய வேண்டியது, ஒருவர் போன மாதம் உண்மையில் எவ்வளவு நடந்தாரோ அதை எடுத்து, அதன்மேல் ஐந்நூறு வைப்பது.

அந்த ஐந்நூறையும் எந்த மாதத்தில் கூட்டுவது என்று ஒரு கேள்வி உண்டு. இங்கேதான் டெல்டாவின் நாட்காட்டி உள்ளே வர வேண்டும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், தண்ணீர் கல்லணை வந்து சேர்ந்து, ஆனி ஆடியில் குறுவை வேலை. ஆவணி புரட்டாசியில் சம்பா நடவு, பிறகு களை. ஐப்பசி கார்த்திகையில் மழை. தஞ்சைப் புது ஆற்றுக் கரையில் தினமும் நடக்கிற டவுன்காரர்கூட வீட்டுக்குள் முடங்குவார். தை மாசியில் அறுவடை. உளுந்தும் பயறும் எடுத்துவிட்டால் சித்திரை வைகாசியில் நூறு நாள் வேலை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் திண்ணை. உடம்பு சட்டென்று சும்மா ஆகிவிடும். சாப்பாட்டு அளவு மட்டும் அப்படியே நிற்கும். நடக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டிய மாதங்கள் அவைதான், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலை ஐந்தரைக்கு. வருஷம் முழுக்க ஒரே இலக்கை, ஒரே மாலை ஆறு மணிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் செயலிக்கு ஆனியும் சித்திரையும் ஒன்றுதான். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்துவிட்ட ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் மாறும். அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

செயலிக்காரர்கள் மிகவும் நம்புவது பரிசைத்தான்: பேட்ஜ், தங்கக் கோப்பை, ‘தொடர்ந்து 21 நாள்’ என்று ஏறும் ஸ்ட்ரீக். இது கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு திருப்பி அடிக்கும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் படம் வரையப் பிடித்த குழந்தைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், சில நாட்களுக்குப் பிறகு பரிசு இல்லாதபோது வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற குழந்தைகளைவிடக் குறைந்துபோனது. சொல்லாமல் கொள்ளாமல் பரிசு தந்த குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசைக் கண்ணில் காட்டி இழுத்தால், பரிசுக்காகத்தான் செய்கிறோம் என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது.

ஸ்ட்ரீக்கின் கதை இன்னும் மோசம். முப்பத்தைந்து நாள் விடாமல் நடந்தவர், கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், மறுநாள் பங்காளி வீட்டில் பதினாறாம் நாள் காரியம் என்று இரண்டு நாள் போய்விட்டு வந்தால் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும். முப்பத்தைந்து நாள் நடந்தது உடம்பில் இருக்கிறது, செயலியில் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். நாள் கணக்கை எடுத்துவிட்டு வாரக் கணக்கு வைத்தால் போதும்: ஏழில் நாலு நாள் நடந்தால் வாரம் பாஸ். ரம்ஜான் மாதத்தில் அதிராம்பட்டினத்துக்காரர் நோன்பு திறந்தபிறகு நடப்பார். அவருக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும்.

சாப்பாட்டைப் பதிவது தனிக் கொடுமை. காலையில் இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டுவிட்டு ‘கடப்பா’ என்று தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது, அல்லது ஆந்திராவில் ஒரு மாவட்டம் வரும். திருவையாற்று அசோகா அல்வாவுக்கும் அதே கதி. சோறு எத்தனை கிராம் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு கரண்டியா மூன்று கரண்டியா என்று கேட்டால் பரிமாறுகிறவர் பார்க்காமலே சொல்வார். இதைவிடப் பெரிய கேள்வி, ஒவ்வொரு வேளையும் எழுதத்தான் வேண்டுமா என்பது. சுகர் உள்ளவருக்கு டெல்டாவில் பெரிய பிரச்சினை ராத்திரிச் சோற்றின் அளவு. அந்த ஒன்றை மட்டும் கேட்கிற செயலியை ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். மூன்று வேளையும் நொறுக்குத் தீனியும் காப்பியும் கேட்கிறதை ஒரு வாரம்.

எழுதவே வேண்டாத ஒரு முறை நம் பக்கத்திலேயே சோதிக்கப்பட்டு வென்றிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து 2009 முதல் 2012 வரை தென்கிழக்கு இந்தியாவில் பத்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சுகர் வரும் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகிற 35 முதல் 55 வயது ஆண்கள் 537 பேர். எல்லோருக்கும் முதலில் நேரில் உட்காரவைத்து உணவு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை சொன்னார்கள். அதில் 271 பேருக்கு மட்டும் அதன்பிறகு போனில் குறுஞ்செய்தி தொடர்ந்து போனது. சாதாரண பட்டன் போன், எஸ்எம்எஸ், அவ்வளவே. இரண்டு ஆண்டு முடிவில், செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சுகர் வந்திருந்தது. செய்தி போனவர்களில் 18 சதவீதம்.

எஸ்எம்எஸ்ஸில் என்ன மாயம்? எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பவில்லை என்பதுதான் முக்கியம். மாற வேண்டும் என்று இன்னும் நினைக்கவே இல்லாதவர், யோசித்துக்கொண்டிருப்பவர், தொடங்கிவிட்டவர் என்று அவரவர் மனநிலையைப் பார்த்து எழுதினார்கள். எந்த நேரத்தில் வேண்டும் என்று அவரையே கேட்டு அனுப்பினார்கள். பதிலுக்கு அவர் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிரான முடிவும் உண்டு: 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எடை குறைக்கும் வழக்கமான பயிற்சியோடு உடலில் அணியும் கருவியும் பெற்றவர்கள் இரண்டு ஆண்டில் குறைத்தது 3.5 கிலோ. அந்தக் கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ குறைத்திருந்தார்கள். கையில் கருவி ஏறினாலே ஊக்கம் ஏறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பலன் கண்ணுக்குத் தெரிய நாளாவது இன்னொரு சிக்கல். இன்று நடந்தது ‘மூன்று மாதச் சர்க்கரை’ பரிசோதனையில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாள் யார் காத்திருப்பார்? வீட்டில் குளுக்கோமீட்டர் உள்ளவருக்குச் செயலி ஒரு சின்னச் சோதனை சொல்லிக்கொடுக்கலாம். ஒரு நாள் மதியம் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. மறுநாள் அதே சாப்பாடு, சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு அதே நேரத்தில் பார்ப்பது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது எண் குறைவாக இருக்கும். தன் ரத்தத்தில் தானே பார்த்த அந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் எந்தப் பேட்ஜும் நிற்காது. இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

போன் செய்யாததை ஆள் செய்கிற ஒரு திட்டமும் நம்மிடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறையில் தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டியது. மறு ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து பீபி பார்க்கிறார், விரலில் குத்திச் சுகர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். அவர் கையிலும் ஒரு செயலி உண்டு. குடும்பத்தின் விவரம் அதில் ஏறுகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்போர் விகிதம் கூடியிருந்தது. அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ‘என்னக்கா, போன தடவை 180 இருந்துச்சே, மாத்திரை விட்டுட்டீங்களா?’ என்று தெருக்காரப் பெண் வாசலில் நின்று கேட்பதன் வலுவை நோட்டிபிகேஷனால் தர முடியாது. நல்ல செயலி அந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்குக் கைகொடுக்க வேண்டும். அடுத்து அவர் எப்போது வருவார் என்பதை நினைவூட்டினாலே பாதி வேலை முடியும்.

இன்னொன்று, போன் ஒரு ஆளுக்குச் சொந்தம் என்ற எண்ணம். பல வீடுகளில் அப்படி இல்லை. மாமியாரின் சுகர், மருமகளின் மாதவிடாய்த் தேதி, பேரனின் விளையாட்டு எல்லாம் ஒரே போனில். ஆளுக்கொரு பக்கமும் பக்கத்துக்கொரு பூட்டும் இல்லையென்றால் மருமகள் உண்மைத் தேதியை எழுதவே மாட்டார்.

இப்போது கையில் இருக்கும் செயலியை நீங்களே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். செட்டிங்ஸில் தினசரி இலக்கை 10,000இலிருந்து உங்கள் போன மாதச் சராசரியோடு ஐந்நூறு கூட்டிய எண்ணுக்கு இறக்குங்கள். நினைவூட்டலை உங்களுக்குத் தோதான நேரத்துக்கு மாற்றுங்கள். ஸ்ட்ரீக், போட்டி, நண்பர்கள் பட்டியல் பற்றிய அறிவிப்புகளை அணையுங்கள்.

உங்களால் மாற்ற முடியாதது ஒன்று இருக்கிறது, செயலி செய்கிறவர்கள்தான் அதைக் கொண்டுவர வேண்டும்: டாக்டரிடம் காட்ட ஒரே ஒரு பக்கம். கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம். வண்ண வண்ண வளையங்களையும் அடிக் கணக்கையும் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கடைசி மூன்று முறை வெறும் வயிற்றில் எடுத்த சுகர், பீபி, எடை, மாத்திரை விட்ட நாட்கள். இவ்வளவும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். விட்ட நாட்களை மறைக்காமல் போட வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டுவதா, பழைய அளவையே ஒழுங்காகச் சாப்பிடச் சொல்வதா என்று டாக்டர் முடிவெடுக்க அந்த எண் வேண்டும்.