கடைகளைத் தாண்டித் தேடுவோம்

தரம் பத்தில் படிக்கும் என் தங்கை, சென்ற தவணையில் மருதமுனைக் கைத்தறி பற்றி ஓர் ஒப்படை செய்தாள். வாப்பாவின் கைத்தொலைபேசியை வாங்கி, கூகுளில் ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்லூம் சாரி’ என்று தட்டினாள். வந்ததெல்லாம் சேலைகளின் படங்கள், விலைகள், தள்ளுபடிகள். அவற்றுள் ஒரு பக்கத்திலிருந்த விவரங்களைத் தமிழாக்கி, நான்கு தாள்கள் எழுதி முடித்துவிட்டாள்.

எழுதியதை மூத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். இளமைக் காலத்தில் மருதமுனையில் தறியில் இருந்தவர் அவர். பட்டு நூல், தங்கச் சரிகை, கோபுரக் கரை என்று தங்கை வாசித்துக்கொண்டே போக, மூத்தம்மா இடைமறித்தார்.

“இது ஆர்ர தறி மகள்? நாங்க நெய்தது பருத்தி நூல்ல.”

தங்கை எழுதியிருந்தது இந்தியாவில் நெய்யப்பட்ட ஒரு சேலையைப் பற்றி. அதை விற்கும் கடையே எழுதிய விளம்பரம்தான் அவளுக்கு ஆதாரமாகியிருந்தது. நம் ஊரின் தொழில் பற்றிய ஒப்படையில் நம் ஊரே இல்லாமற் போயிற்று. அன்றிலிருந்து கடைகளை விலக்கித் தேடுவது எப்படி என்று இருவரும் கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே பகிர்கிறேன்.

கடைகள் ஏன் முன்னால் நிற்கின்றன?

‘கைத்தறிச் சேலை’ என்று தேடுபவர் வாங்க வந்தவரா, படிக்க வந்தவரா என்பது தேடுபொறிக்கு நிச்சயமாகத் தெரியாது. பொருளின் பெயரை மட்டும் கொடுத்தால், வாங்க வந்தவர் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. கடைகளும் தமது பக்கங்கள் மேலே வரும்படி சொற்களைத் தேர்ந்து எழுதுகின்றன. அதற்கென்றே ஆட்களை அமர்த்திச் செலவும் செய்கின்றன. தறியில் இருப்பவருக்கோ ஆய்வு எழுதும் விரிவுரையாளருக்கோ அந்த வசதி இல்லை.

இன்னொரு காரணம் வருமானம். கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. அதன் நிறுவுநர்களான லாரி பேஜும் சேர்ஜி பிரினும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், விளம்பரப் பணத்தில் இயங்கும் தேடுபொறி பயனாளரை விட விளம்பரதாரரின் பக்கமே சாயும் என்று எச்சரித்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 2000இல், அவர்களது நிறுவனமும் விளம்பரம் விற்கத் தொடங்கியது. தன் சொந்தப் பொருள் ஒப்பீட்டுச் சேவையைத் தேடல் முடிவுகளில் முன்னிறுத்தியதற்காக, ஐரோப்பிய ஆணைக்குழு 2017இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024இல் அதை உறுதிப்படுத்தியது.

ஆகவே முதலில் வருவதுதான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம்.

விலக்கும் வழிகள்

மிக எளிய கருவி கழித்தற்குறி. வேண்டாத சொல்லின் முன்னால் இடைவெளி விடாமல் அதை இட வேண்டும். ‘கைத்தறி சேலை -விலை -தள்ளுபடி’ என்று தட்டினால், அந்த இரு சொற்களில் ஏதேனும் ஒன்று உள்ள பக்கங்கள் விலகும். ஆங்கிலத்தில் தேடும்போது பை, ப்ரைஸ், ஷொப் போன்ற சொற்களின் முன்னால் இக்குறியை இடலாம்.

குறிப்பிட்ட ஒரு கடைத்தளம் திரும்பத் திரும்ப வந்தால், அதையே விலக்கலாம். கழித்தற்குறி, ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, தளத்தின் முகவரி ஆகிய நான்கையும் ஆங்கில எழுத்தில், இந்த வரிசையில், இடையில் வெளி விடாமல் தட்ட வேண்டும்.

2024 மே மாதத்தில் கூகுள் ‘வெப்’ என்றொரு வடிகட்டியைச் சேர்த்தது. தேடிய பின், மேலே படங்கள், செய்திகள் என்றிருக்கும் வரிசையில் அது இருக்கும். சிலவேளை ‘மேலும்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் படப் பெட்டிகளும் பொருட் பெட்டிகளும் போய், வெறும் இணைப்புகள் மட்டும் எஞ்சும். கடைகளின் இணைப்புகள் அவற்றுக்குள்ளும் இருக்கும் என்பதால், கழித்தற்குறியையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

வீட்டில் கணினி இருந்தால் ‘யூபிளாக்லிஸ்ட்’ என்ற இலவச எக்ஸ்டென்ஷனைக் குரோம் அல்லது பயர்பொக்ஸில் சேர்க்கலாம். வேண்டாத தளங்களை ஒருமுறை பட்டியலிட்டால், பிறகு அவை தேடல் முடிவுகளில் தோன்றாது. இத்தகைய துணைச்செயலிகள் நாம் பார்க்கும் பக்கங்களை வாசிக்கக்கூடியவை. ஆதலால் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ தெரிவித்து, உத்தியோகபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே அவற்றைப் பெறுங்கள்.

விலக்கினால் மட்டும் போதுமா?

போதாது. உலகிலுள்ள கடைகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழிக்க முடியாது; கூகுள் ஒரு தேடலில் 32 சொற்களுக்கு மேல் கணக்கில் எடுப்பதுமில்லை. அத்துடன் கழித்தற்குறி கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் கத்தி. ‘விலை’ என்ற சொல்லைக் கழித்தால், நூலின் விலையேற்றம் நெசவாளரை எப்படி வாட்டியது என்று சொல்லும் நல்ல கட்டுரையும் போய்விடும்.

வேண்டாததைத் தள்ளுவதோடு, வேண்டியதைச் சரியாகக் கேட்கவும் வேண்டும். ‘சேலை’ என்பதோடு நின்றுவிடாமல் வரலாறு, நெசவாளர், கூட்டுறவுச் சங்கம், பாவு, ஊடை போன்ற சொற்களைச் சேருங்கள். வாங்க வருபவர் இப்படிக் கேட்பதில்லை. ‘மருதமுனை’ என்பதை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால், அச்சொல் உள்ள பக்கங்களே வரும்.

முன்பு சொன்ன ‘சைட்’ முறையைக் கழித்தற்குறி இல்லாமல் பயன்படுத்தினால், ஓரிடத்துக்குள் மட்டும் தேடலாம். முகவரியாக ‘ஏசி டொட் எல்கே’ என்று கொடுத்தால் இலங்கைப் பல்கலைக்கழகத் தளங்களும், ‘கவ் டொட் எல்கே’ என்று கொடுத்தால் அரசாங்கத் தளங்களும் வரும். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் பலவற்றை ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இலவசமாகத் தருகிறது. அங்கே விற்பனை இல்லை. ‘பீடிஎப்’ கோப்புகளை மட்டும் தேடுவதும் நல்ல வழி. ஆய்வுகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் அவ்வடிவிலேயே வெளிவருகின்றன.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தேடும்போது சற்று அருகில் இருந்து, “இதை எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்?” என்று மட்டும் கேளுங்கள். அதற்குக் கணினி அறிவு தேவையில்லை. கடைகள் கூடாதவை என்பதல்ல. பெருநாளைக்கு உடுப்பு வாங்கும்போது அவையும் வேண்டும்தான். ஆனால் விற்பவரின் சொல் எது, அறிந்தவரின் சொல் எது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தங்கை மீண்டும் தேடினாள். கடைகள் விலகியபின் எஞ்சியவை சில பக்கங்களே. அவற்றிலும் அவளுக்கு வேண்டிய எல்லாம் இருக்கவில்லை. அதனால் கொப்பியை எடுத்துக்கொண்டு மூத்தம்மாவின் அருகில் போய் அமர்ந்தாள். பாவு ஓடுவது எப்படி, சாயம் போடுவது எப்படி, ஒரு சாரம் நெய்ய எவ்வளவு நேரம் என்று மஃரிப் வரை கேட்டு எழுதினாள். அந்த விவரங்களை எந்தத் தேடுபொறியும் அவளுக்குத் தந்திருக்காது.